ஜொகூர்த் தோட்டத்தில் கேரட்: வேரும் பூவும் உறவுச்செடிகளும்

ஜொகூரில் கேரட் விதைக்கலாமா? விதைக்கலாம். ஆனால் பசாரில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு சாண் நீளக் கேரட்டை மனத்தில் வைத்துக்கொண்டு விதைக்க வேண்டாம். அந்தக் கேரட்டில் பெரும்பகுதி சீனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குளிர்ந்த நிலத்தில் விளைந்து, குளிரூட்டிய பெட்டியில் கப்பலேறி வந்தது. கூலாயிலோ மாசாயிலோ தாமான் வீட்டின் முன்னால் இருக்கும் சின்னப் பாத்தியில் நமக்குக் கிடைப்பது விரல் நீளமுள்ள, குட்டையான, வாசனை தூக்கலான வேர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏன் அப்படி விளைகிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே பாடுபட வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வெண்டையும் கீரையும் போட்டுப் பழகிய கைக்குக் கேரட் புதிய செடி. அதன் உடலைப் படிக்காமல் உரத்தைக் கொட்டிப் பயனில்லை. அதனால் இந்த அத்தியாயத்தில் செடியின் கதை முதலில், மண்வெட்டி பிறகு.

இரண்டு பருவத்துச் செடி

கேரட்டின் ஆயுள் இரண்டு பருவம். முதல் பருவத்தில் இலை விடும், வேர் பருக்கும். இலை வெயிலில் ஆக்கிய சர்க்கரை கீழே இறங்கி வேரில் தங்கும். அந்த வேர், அடுத்த ஆண்டுப் பூவுக்காகச் செடி குதிரில் கொட்டிவைத்த நெல். நாம் நடுவில் புகுந்து அதை எடுத்துச் சமைக்கிறோம். எடுக்காமல் விட்டால், குளிர்காலம் கழிந்தபின் நடுவிலிருந்து தண்டு எழும்பி, வெள்ளைப் பூங்கொத்து விரிந்து, விதை முற்றிச் செடி மடியும்.

இதில் நமக்கு முக்கியமான சொல் குளிர்காலம். ஐரோப்பிய வகைக் கேரட் பூக்க வேண்டுமானால் 10 பாகை செல்சியசுக்குக் கீழே ஏறத்தாழ 6 முதல் 12 வாரம் கிடக்க வேண்டும். அந்தக் குளிரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகே செடி இலை விடுவதை நிறுத்தித் தண்டு எழுப்பும். ஜொகூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. தாழ்நிலத்தில் இரவு வெப்பம் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மாநிலத்தின் உயரமான இடம் தங்காக் பக்கத்துக் குனோங் லேடாங், 1,276 மீட்டர். நூறு மீட்டருக்கு அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும் என்று கணக்கிட்டாலும், அதன் உச்சியில் இரவு வெப்பம் 15 பாகையை ஒட்டியே நிற்கும். ஆக, ஜொகூரில் எந்த மூலையில் நட்டாலும் கேரட் தானாகப் பூக்காது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. நம் தோட்டத்துக் கேரட் தானாக விதை தராது; ஒவ்வொரு முறையும் பாக்கெட் வாங்கித்தான் ஆகவேண்டும். அடுத்தது நல்ல செய்தி. குளிர்நாட்டு விவசாயிக்குப் பெரிய தொல்லை, எதிர்பாராத குளிரில் செடி முந்திப் பூத்துவிடுவது. பூத்தண்டு எழுந்தால் வேர் நாராகி உணவுக்கு ஆகாமல் போகும். அந்தக் கவலை நமக்கு இல்லவே இல்லை.

வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத்தில் வரும் நீளமான சிவப்புக் கேரட் வேறு இனம். ஆசிய வகை என்று அதைச் சொல்வார்கள். குறைந்த குளிரே அதற்குப் போதும். சமவெளியிலேயே விதை பிடிக்கும். புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா கேசர் போன்றவை இந்த வழியில் வந்தவை. ஆரஞ்சு நிற நான்டீஸ் வகைக்கு அங்கேயும் மலைக்குத்தான் போக வேண்டும். அதே கழகத்தின் கட்ராயின் நிலையம் இமயமலையில் குல்லு பள்ளத்தாக்கில் இருப்பதற்கு இத்தகைய குளிர்ப்பயிர் விதைகளே காரணம். தமிழ்நாட்டில் கேரட் என்றாலே ஊட்டி என்று ஆனதற்கும் காரணம் இதுதான். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். இலங்கைத் தமிழருக்கு நுவரெலியா.

காட்டுக் கேரட்

வீட்டுக் கேரட்டும் காட்டுக் கேரட்டும் ஒரே இனம்: டாக்கஸ் கரோட்டா. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் சாலையோரம், வயல் வரப்பு, தரிசு நிலம் எங்கும் காட்டுக் கேரட் முளைக்கிறது. வட அமெரிக்காவுக்குக் குடியேறிகளோடு போய் அங்கும் களையாகப் பரவிவிட்டது. அதைப் பிடுங்கினால் கையில் வருவது வெளுத்த, மெல்லிய, மரமாய்க் கெட்டியான வேர். கேரட் வாசனை மட்டும் தப்பாது. இளசாக இருக்கும்போது கடித்தால் சற்று இனிப்பும் நிறையக் காரமும் தெரியும்.

அதன் பூங்கொத்து பார்க்க வேண்டிய ஒன்று. தண்டின் ஒரே இடத்திலிருந்து பல காம்புகள் கிளம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் மீண்டும் சிறு காம்புகள் கிளம்பி, எல்லாம் ஒரே மட்டத்தில் முடிந்து வெள்ளைத் தட்டு விரியும். ஒவ்வொரு பூவும் கடுகளவு. ஐந்து இதழ், ஐந்து மகரந்தத் தாள். பல கொத்துகளில் நட்டநடுவே ஒரேயொரு பூ மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். ஒரு பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும், சூல்முடி பிறகுதான் பக்குவமாகும். ஆகவே ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது அரிது. ஈயும் தேனீயும் வந்துதான் வேலை நடக்கும். சூல் கொண்டபின் கொத்து உள்ளே குழிந்து மூடிக்கொள்ளும். விதையின் மேல் வரிசையாக முட்கள். விலங்கின் முடியிலும் நடப்பவர் காற்சட்டையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த நிலத்துக்குப் போய்விடும். நாம் வாங்கும் பாக்கெட்டில் இந்த முட்களைத் தேய்த்து எடுத்திருப்பார்கள்.

ஜொகூரில் காட்டுக் கேரட் கிடையாது. ஆனால் நம் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் படிக்கப் போகிறார்கள். காட்டில் கீரை பறிக்கும் ஆசை சிலருக்கு வரும். அவர்களுக்காக ஓர் எச்சரிக்கை. காட்டுக் கேரட்டைப் பார்த்த மாதிரியே இருக்கும் நச்சுச்செடி ஒன்று அதே நிலத்தில் வளர்கிறது. சாக்ரடீசுக்குக் கொடுத்த ஹெம்லாக் அதுதான். காட்டுக் கேரட்டின் தண்டில் ரோமம் உண்டு, பூங்கொத்தின் அடியில் பிரிபிரியான பச்சை இலைச்செதில்கள் தொங்கும். ஹெம்லாக்கின் தண்டு வழவழப்பாக, ஊதாத் திட்டுகளோடு இருக்கும். இத்தனை தெரிந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துச் செடியை வெளிநாட்டுக் காட்டில் பறித்து வாயில் வைக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

காட்டு வேரை மனிதர் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது மத்திய ஆசியாவில், இன்றைய ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம், ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டில். அப்போதைய கேரட் ஊதாவும் மஞ்சளும். அங்கிருந்து மேற்கே ஸ்பெயின் வரைக்கும் கிழக்கே சீனா வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆரஞ்சு நிறம் நெடுநாள் கழித்து வந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நெதர்லாந்து பக்கத்தில் அது நிலைபெற்றது.

நிறம் எங்கிருந்து வந்தது

1831இல் ஜெர்மானிய வேதியியலாளர் வாக்கன்ரோடர் கேரட் வேரிலிருந்து ஒரு நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார். கரோட்டின் என்ற பெயர் அன்று பிறந்தது. ஆரஞ்சுக் கேரட்டில் ஆல்பா, பீட்டா என்ற இரு கரோட்டின்கள், மஞ்சளில் லூட்டின், சிவப்பில் தக்காளியில் இருக்கும் அதே லைக்கோபின், ஊதாவில் ஆந்தோசயனின்.

இலைக்குக் கரோட்டின் வேண்டும், வெயில் தாங்குவதற்கு. இருட்டில் கிடக்கும் வேருக்கு அது எதற்கு? 2016இல் கேரட்டின் முழு மரபணுத் தொகுப்பு வெளிவந்தபோது இந்தக் கேள்விக்கு ஒரு பிடி கிடைத்தது. 9 இணைக் குரோமோசோம்களில் 32,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள். அவற்றில் ஒன்று சிதைந்துபோனதால், மண்ணுக்குள் இருக்கும் வேர் வெளிச்சத்தில் இருக்கும் உறுப்பாகவே நடந்துகொண்டு நிறத்தைச் சேர்க்கத் தொடங்குகிறது. 2023இல் 630 கேரட்டுகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஆரஞ்சு நிறம் வர மூன்று மரபணுக்கள் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். புதிதாக ஒன்று சேர்ந்து வந்த நிறம் அல்ல இது. தடைகள் நீங்கியதால் வெளிப்பட்ட நிறம்.

தோட்டக்காரருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நிறம் நன்றாக ஏற 15 முதல் 21 பாகை வெப்பம் உகந்தது. நம் பாத்தியில் மண்ணே பகலில் 28, 30 பாகையைத் தாண்டிவிடும். எனவே நம் வேர் வெளிறியே இருக்கும். உரம் போட்டு நிறத்தைக் கூட்ட முடியாது. மண்ணைக் குளிர வைத்தால் ஓரளவு கூடும்.

கரோட்டினுக்காகவே கேரட் வளர்க்க நினைக்கும் ஜொகூர்க்காரரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் நிற்கும் செம்பனையின் பழம் அதே ஆல்பா, பீட்டா கரோட்டின்களால்தான் சிவந்திருக்கிறது. சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயில் பத்து லட்சம் பங்குக்கு 500 முதல் 700 பங்கு கரோட்டின் உண்டு. கேரட்டைவிடப் பல மடங்கு. சமையல் எண்ணெயாக வெளுக்கும்போது அது போய்விடுகிறது. சிவப்பு எண்ணெய் என்று தனியாக விற்பதில் பெருமளவு தங்குகிறது. கேரட்டின் கரோட்டினும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். பச்சையாகக் கடிப்பதைவிட, எண்ணெயில் தாளித்த கேரட் பொரியலில் உடலுக்குக் கிடைப்பது அதிகம்.

வேரின் உள்ளே

ஒரு கேரட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளிறிய வட்டம், சுற்றிலும் அடர்ந்த ஆரஞ்சு வளையம். நடுவட்டம் தண்ணீரை மேலேற்றும் சைலம். வெளிவளையம் சர்க்கரையைக் கொண்டுவந்து சேர்க்கும் ஃபுளோயம். இரண்டுக்கும் இடையில் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோடுதான் வளர்திசு. உள்ளே ஒரு பக்கமும் வெளியே ஒரு பக்கமும் புதுச் செல்களை அடுக்கி வேரைப் பருக்க வைக்கிறது. இனிப்பும் நிறமும் வெளிவளையத்தில் அதிகம். நடுவட்டம் சின்னதாக இருக்கும் கேரட்டே நல்ல கேரட். வாங்கும்போதும் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதுவே அளவுகோல்.

வேர் முதலில் நீளும், பிறகுதான் பருக்கும். முளைத்த முதல் மூன்று நான்கு வாரத்தில் ஆணிவேர் போகவேண்டிய ஆழம் முடிவாகிவிடும். அந்த நாட்களில் நுனி ஒரு கல்லில் இடித்தாலோ, இறுகிய மண்ணைச் சந்தித்தாலோ, நூற்புழு கடித்தாலோ வேர் இரண்டாக மூன்றாகக் கவைக்கும். நாற்று எடுத்து நடக்கூடாது என்பதும் இதனால்தான். கத்தரி, மிளகாய்க்குப் பழகிய நாற்றுத்தட்டு இங்கே வேண்டாம். கேரட்டை இருக்கப்போகும் இடத்திலேயே விதைக்க வேண்டும்.

மண்ணும் பாத்தியும்

ஜொகூரின் மண் ஒன்றல்ல. குளுவாங், சிகாமட் பக்கத்துச் செம்மண் மழையில் இறுகிச் சிமெண்டாகிவிடும். பொந்தியான், பத்து பகாட் பக்கம் அன்னாசி விளையும் கரிமண் மெத்தென்று, கல்லே இல்லாமல், பார்வைக்குக் கேரட்டுக்காகவே செய்தது மாதிரி இருக்கும். கனடாவின் ஹாலண்ட் மார்ஷ் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட கரிம மண்ணில்தான் கேரட்டைப் பெருமளவில் விளைவிக்கிறார்கள். நம் கரிமண்ணின் சிக்கல் அதன் புளிப்பு. அமிலக் குறியீடு 3.5, 4 என்று இருக்கும். கேரட்டுக்கு வேண்டியது 6க்கு மேல். மெர்சிங் கரையோர மணலில் வேர் நேராக இறங்கும், ஆனால் தண்ணீரும் சத்தும் நிற்காது, வேர்முடிச்சு நூற்புழுவும் அதிகம்.

பொந்தியான்காரர்கள் டோலோமைட் சுண்ணாம்பைப் போட்டு, விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே கிளறி ஆறவிட வேண்டும். ஒருமுறை போட்டால் தீர்ந்துவிடும் புளிப்பு அல்ல அது. ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் சோதித்துப் பாருங்கள். சோதனைத்தாள் தோட்டக் கடையில் கிடைக்கும். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒன்றாகப் போடாதீர்கள். எருவிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். கோழி எருவைப் பச்சையாகக் கேரட் பாத்தியில் போடவே கூடாது. வேர் கவைக்கும், இலை மட்டும் செழிக்கும்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது தொட்டிதான். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியோ பாலிபேக்கோ போதும். கழுவிய ஆற்று மணல் இரண்டு பங்கு, உப்புப் போக அலசிய தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கம்போஸ்ட் ஒரு பங்கு. எல்லாவற்றையும் சல்லடையில் சலித்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பல் படாமல் செய்தால் பாதிக் கவைவேர் குறைந்துவிடும். கறுப்புத் தொட்டி வெயிலில் கொதிக்கும்; வெள்ளைத் தொட்டி வாங்குங்கள், அல்லது கறுப்புத் தொட்டியின் மேல் வெள்ளைத் துணி சுற்றுங்கள்.

எந்த வகை? நீளமான இம்பரேட்டர் வகையை மறந்துவிடுங்கள். உருண்டையான பாரிஸ் மார்க்கெட், குட்டையான சான்டனே, வெப்பம் தாங்கும் ஜப்பானியக் குரோடா ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை செய்பவருக்குக் குரோடா. வெப்பநாட்டுக்கென்றே கேரட்டைப் பண்படுத்தியவர்களில் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் முன்னோடிகள். அவர்கள் 1981இல் வெளியிட்ட பிரசீலியா வகை, வெப்பத்தையும் இலைக்கருகலையும் தாங்கியதால் அந்நாட்டில் கோடைக்கேரட் சாத்தியமானது. அந்த விதை கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

விதைப்பு

ஜொகூரில் மழையில்லா மாதம் என்று ஒன்றைத் தனியாகச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிக் கிழக்குக் கரையை வெள்ளக்காடாக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரியில்தான் பகல் வெப்பம் கொஞ்சம் தணியும். கூரைத்தாள் போட்ட இடம் இருந்தால் நவம்பர் கடைசியில் விதைத்து அந்தத் தணிவைப் பயன்படுத்திக்கொள்ளலாம். திறந்தவெளிப் பாத்தி என்றால் மழை ஓய்ந்த பிப்ரவரி.

கேரட் விதையை முளைக்க வைப்பதற்குப் பொறுமை வேண்டும். ஒரு கிராமில் ஏறத்தாழ 800 விதை இருக்கும், அத்தனை சிறிது. அதற்குள் இருக்கும் கரு, விதை முற்றிய பிறகும் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. ஈரம் பட்டபின் விதைக்குள்ளேயே சில நாள் நீண்டு, அதன் பிறகுதான் வேர்முனையை வெளியே நீட்டும். ஆகவே 8 முதல் 14 நாள் வரை மேல்மண் ஒரு மணி நேரம்கூடக் காயக்கூடாது. ஒரு நாள் நண்பகல் காய்ந்தால் உள்ளே நீண்டுகொண்டிருந்த கரு செத்துவிடும். நாம் விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கோடு கிழித்துத் தூவி, நார்த்தூளால் மெல்ல மூடி, மேலே நனைந்த சணல் சாக்கைப் போடுங்கள். சாக்கு, வெயிலையும் தடுக்கும், திடீர் மழையில் விதை அடித்துப்போவதையும் தடுக்கும். ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தூக்கிப் பாருங்கள். முதல் பச்சைக் கொக்கி தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்று வெளுத்துச் சாயும். உண்மையான இலை இரண்டு மூன்று வந்ததும் 5 சென்டிமீட்டருக்கு ஒன்று விட்டு மற்றவற்றைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் நுனிவேர் அறும்.

வேர்த்தோள் மண்ணுக்கு மேல் தெரிந்தால் வெயிலில் பச்சையாகிக் கசக்கும். மண் அணைத்து, காய்ந்த லாலாங் புல்லை மூடாக்காகப் போடுங்கள். மண் குளிர்வதற்கும் அது உதவும். நண்பகலில் மட்டும் மெல்லிய நிழல்வலை. தண்ணீர் அளவாக, நாள்தோறும். காயவிட்டுப் பிறகு குடம்குடமாக ஊற்றினால் வேர் நீளவாக்கில் வெடிக்கும்.

இலை நுனியிலிருந்து கருகி வந்தால் ஆல்டர்னேரியா பூஞ்சை. மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, கருகிய இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். செடி திடீரென வாடி, கழுத்தில் வெள்ளை நூலும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் தண்டழுகல் பூஞ்சை. அந்தச் செடியை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு அதே மண்ணில் மறுபடி கேரட் போடாதீர்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அந்த இடத்தில் சில மாதம் செண்டுமல்லி வளருங்கள்.

விதைத்த 70 முதல் 90 நாளில் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பெருக்கும் என்ற நினைப்பு இங்கே பலிக்காது. நம் சூட்டில் அது முற்றி அழுகத்தான் செய்யும். எடுத்ததும் இலையை அறுத்து விடுங்கள், இல்லாவிட்டால் வேரின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். குளிர்பெட்டியில் ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட்டில் கசப்புப்பொருள் உண்டாகும்.

தேங்காய்த் தண்ணீரும் குளுவாங்கும்

கேரட்டைப் பற்றி எழுதும்போது இந்தக் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1958இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எஃப். சி. ஸ்டூவர்டும் அவர் குழுவினரும் கேரட் வேரின் வெளிவளையத்திலிருந்து மிகச் சிறு துணுக்குகளை எடுத்து, தேங்காய்த் தண்ணீர் கலந்த ஊட்டக் கரைசலில் சுழலவிட்டார்கள். துணுக்குகளிலிருந்து உதிர்ந்த செல்கள் பெருகி, வேர் விட்டு, தளிர் விட்டு, முழுக் கேரட் செடிகள் ஆயின. வளர்ந்து முடிந்த ஒரு வேர்ச் செல்லுக்குள்ளும் முழுச் செடியையும் ஆக்கும் அறிவு தங்கியிருக்கிறது என்பதை உலகம் கண்கூடாகப் பார்த்தது. தேங்காய்த் தண்ணீர் எதற்கு? அது இளங்கருவை வளர்க்கத் தென்னை சுரக்கும் உணவு. செல்களைப் பிரியத் தூண்டும் பொருள்கள் அதில் நிறைந்திருக்கின்றன.

அந்த வழியைப் பிடித்து மற்றப் பயிர்களிலும் முயன்றார்கள். செம்பனைக்குக் கிளை கிடையாது. ஒட்டுக் கட்டவோ பதியன் போடவோ முடியாது. திசுவிலிருந்து வளர்ப்பது ஒன்றே ஒரே மரத்தைப் பல மரமாக்கும் வழி. அப்படி வளர்த்த செம்பனைக் கன்றுகளை 1970களின் பிற்பகுதியில் நட்ட இடங்களில் ஒன்று நம் ஜொகூரின் குளுவாங் பாமோல் தோட்டம். பிறகு சில மரங்களில் பழம் உருமாறி எண்ணெய் குறைந்தது. அதற்கான காரணத்தை மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2015இல் கண்டு வெளியிட்டார்கள். கேரட் வேரில் தொடங்கிய ஒரு கேள்வியின் நெடிய பயணம் இது. ஜொகூர்ப் பள்ளிகளின் அறிவியல் வகுப்பில் இதைச் சொல்லித்தர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் வெயிலுக்கு ஏற்ற உறவுகள்

கேரட்டின் குடும்பத்தை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம் எல்லாம் இந்தக் குடும்பத்தார். ஒரு முழுக் கொத்தமல்லியை நசுக்கினால் இரண்டு பாதியாகப் பிரியும். கேரட் விதையும் அப்படிப் பிரிந்த ஒரு பாதிதான். சீரகத்தின் மேல் ஓடும் கோடுகளின் ஊடே எண்ணெய்க் குழல்கள் இருக்கின்றன. வாசனை அங்கேதான் அடைபட்டிருக்கிறது.

ஜொகூரில் இடம் கொஞ்சமாக இருப்பவர் ஒரு தொட்டியில் கேரட்டும் நான்கு தொட்டியில் அதன் உறவுகளும் வளர்க்கட்டும். வல்லாரைக்கு நிகரான செடி நம் ஊரில் இல்லை. பெகாகா என்று மலாய்க்காரர் ஊலாமாக உண்பதும் நாம் துவையல் அரைப்பதும் இதுதான். அரைநிழல், ஓயாத ஈரம், ஒரு கணுவோடு கூடிய கொடி, வேறெதுவும் வேண்டாம். சாக்கடை ஓரத்திலும் செம்பனைத் தோட்ட வாய்க்காலிலும் தானாக வளர்வதைப் பறிக்காதீர்கள். கழிவுநீரும் களைக்கொல்லியும் அதில் இருக்கும். கெத்தும்பார் ஜாவா எனப்படும் நீண்ட இலைக் கொத்தமல்லி வெயிலிலும் மழையிலும் அசராது. ரசத்துக்கு அது போதும். சூப்பில் போடும் செலரித் தழையும் அரைநிழலில் நன்றாக வரும். சாதாரணக் கொத்தமல்லி நம் சூட்டில் சீக்கிரம் பூத்துவிடும். சலித்துக்கொண்டு பிடுங்காமல் இரண்டு செடியை விட்டுவையுங்கள். கேரட் பூ எப்படி இருக்கும் என்பதை அந்தக் கொத்தில் பார்க்கலாம். அதைத் தேடி வரும் சிறு குளவிகள் உங்கள் கீரைப்புழுவையும் குறைக்கும்.

கேரட் பூவையே பார்க்க ஆசைப்படுபவருக்கு ஒரு வழி உண்டு. பசாரில் இலைக்காம்பு ஒட்டியிருக்கும் முழுக் கேரட்டாக, அழுகல் இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள். தலையை மட்டும் வெட்டித் தண்ணீரில் வைத்தால் இலை துளிர்க்கும். புதுக் கேரட் விளையாது, ஏனென்றால் ஆணிவேர் ஒரு செடிக்கு ஒருமுறைதான். முழு வேரை ஈரத்துணியில் சுற்றி, துளையிட்ட பையில் போட்டு, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் எட்டு முதல் பத்து வாரம் வையுங்கள். செடியை நாம் ஏமாற்றும் குளிர்காலம் அது. பிறகு வடிகால் நல்ல தொட்டியில், தலை மண்மட்டத்தில் நிற்கும்படி நட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தண்டு எழுந்தால் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். பூத்து விதை பிடித்தால், பழுத்துப் பழுப்பானதும் கொத்தோடு அறுத்து நிழலில் உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்து முள்ளை எடுங்கள். கடைக் கேரட் பெரும்பாலும் கலப்பினம் என்பதால் அந்த விதையில் தாயின் வடிவமும் நிறமும் அப்படியே வராது. பிள்ளைகளோடு விதைத்துப் பார்க்க அதை வைத்துக்கொண்டு, சமையலுக்கான விதையைப் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் பழையதென்றால் வேண்டாம்.